மூஞ்சி காட்டாத குருவி

"இப்பத் தெளிவா இருக்கா? ...இப்ப?"

கண் பரிசோதனைக்கு வந்தவரின் மூக்கில் கனத்த வட்டச் சட்டம் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடிக்காரர் அதில் வில்லைகளை ஒவ்வொன்றாக நுழைத்து எடுக்கிறார். "ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது" என்று வந்தவர் சொல்லிவிடுகிறார். கண்ணாடிக்காரருக்குப் பிடிக்காத பதில் அது. "ஒரே மாதிரி எப்படிங்க இருக்கும்? நல்லாப் பாருங்க. அவசரம் ஒண்ணுமில்ல" என்று முதல் வில்லையைத் திரும்பவும் போடுகிறார். வித்தியாசம் தெரிகிறது என்று ஒப்புக்கொள்ளும்வரை யாரும் அந்த நாற்காலியை விட்டு எழுந்துபோக முடியாது. வெளியே காத்திருப்பவர்கள் விடும் பெருமூச்சு அவர் காதில் விழுவதே இல்லை.

கடைக்கு வெளியிலும் இதே கதைதான். எதிரில் இருப்பவர் கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருந்தால் அவருக்குப் பேச்சே ஓடாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் சரி, "ஒரு நிமிஷம்" என்று உரிமையோடு கழற்றி, காதுக்கம்பியைப் பதமாக வளைத்து, பையிலிருக்கும் மெல்லிய துணியால் துடைத்து, அவரே மாட்டியும் விடுவார். ஒரு துக்க வீட்டில், தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்த பெரியவரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டார். பெரியவர் அழுகையை நிறுத்திவிட்டு, யார் எவர் வந்திருக்கிறார்கள் என்று சுற்றும் முற்றும் பார்க்க ஆரம்பித்தார். "போற எடத்துலயெல்லாம் என் மானத்த வாங்குங்க" என்று மனைவி வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள். மானம் அவளுக்கு முக்கியம்.

மங்கல் என்றால் ஆகாத இந்த மனிதருக்கு வாய்த்த ஆசை மட்டும் முழுக்க மங்கலாகவே இருந்தது. இருட்டில் வசிக்கும் ஒரு குருவியைப் படம் பிடிக்க வேண்டும் என்பதுதான் அந்த ஆசை.

ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்துக்குப் பின்னால் ஒரு காடு இருக்கிறது. மரங்கள் மேலே கிளை கோத்துக்கொண்டு நிற்பதால் நடுப்பகலில்கூட உள்ளே சாயங்காலம் மாதிரிதான் இருக்கும். பழைய குழாய் ஒன்று இணைப்பில் கசிந்து, கசிந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம், பள்ளத்தைச் சுற்றிப் பாசி, பாசியைச் சுற்றி அடர்ந்த புதர். குளிர்காலத்தில் எங்கிருந்தோ பறந்து வந்து அந்தப் புதருக்குள் தங்கும் குருவி அது. கைப்பிடிக்குள் அடங்கிவிடும். முதுகு காய்ந்த இலையின் பழுப்பு, தொண்டையில் துருவின் நிறம், கண்ணுக்கு மேலே வெள்ளையாக ஒரு கோடு. விடிவதற்கு முன்னால் புதருக்குள்ளிருந்து பாடும். அந்தச் சிறிய உடம்புக்குள் அவ்வளவு பாட்டை எங்கே வைத்திருக்கிறது என்று தோன்றும். பாடி முடித்ததும் பள்ளத்துக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கும், வாலைச் சுண்டும், போய்விடும். வெயில் ஏறத் தொடங்கும் பருவத்தில் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டே போய்விடும். கண்ணாடிக்காரர் அதற்கு வைத்திருக்கும் பெயர் துரை. "தொரை இன்னும் எந்திரிக்கல." "தொரைக்கு இன்னிக்கு மூடு சரியில்ல."

குளிர்காலம் வந்துவிட்டால், கடை திறப்பதற்கு முந்தைய காலைகளெல்லாம் துரைக்குத்தான். சாவிக்கொத்தைச் சத்தம் போடும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். கேமரா நிறுத்தும் முக்காலியின் கால்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டியிருப்பார். அவருடைய கேமராவுக்கு வயதாகிவிட்டது. பிடியின் ரப்பர் கழன்று, கண்ணாடிச் சட்டம் ஒட்டும் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. யாரோ பூஞ்சை பிடித்துவிட்டதென்று தள்ளிவிட்ட நீள லென்ஸை வாங்கி, கடையில் வைத்துப் பிரித்து, உள்ளே படர்ந்திருந்த நூலாம்படையைத் தானே துடைத்தெடுத்தார். இவ்வளவும் செய்து பள்ளத்துக்கு எதிரே தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்தால், துரை வருவார். ஆனால் வெளிச்சம் வராது. வெளிச்சம் இல்லாவிட்டால் கேமரா கொஞ்சம் அதிக நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அந்த நேரம் முழுவதும் குருவி அசையாமல் இருக்க வேண்டும். குருவிக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் பழுப்பாக ஒரு தீற்றல் இருக்கும். இவர் அதை அழிப்பார். மங்கலான படத்தை வைத்துக்கொள்ளும் வழக்கம் அவரிடம் இல்லை.

இப்படி அழித்து அழித்து, பல குளிர்காலங்களுக்குப் பிறகு மிஞ்சியிருப்பவை கொஞ்சம் படங்கள்தான். எல்லாம் துல்லியமானவை. ஒன்றில் குருவியின் முதுகு. இன்னொன்றில் வால். இன்னொன்றில் புதருக்குள் நுழையும்போது பின்தங்கிய ஒரு கால்.

"உங்க குருவிக்கு மூஞ்சியே கிடையாதா?" என்றாள் மனைவி ஒரு தடவை.

மூஞ்சி உண்டு. அவர் பார்த்திருக்கிறார். வேறு யாருக்கும் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை அந்த முகத்தை, கண்ணில் ஒளிப்புள்ளி தெரிய, மூக்கடியில் இருக்கும் முள்மயிர் தெரியப் பிடித்துவிட்டால் போதும் என்று இருந்தார். அதைப் பிடிக்கப்போகும் முதல் ஆள் தான்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அந்தக் காட்டுக்கு வேறு யார் வருகிறார்கள்?

அப்போதுதான் சகலை மாற்றலாகி இந்த ஊருக்கே வந்து சேர்ந்தார்.

சகலை என்பவர் மனைவியின் தங்கையைக் கட்டியவர். லிஃப்ட் விற்கும் கம்பெனியில் அதிகாரி. கெட்டவர் என்று சொல்லத் தோதாக ஒரு குணமாவது அவரிடம் இருந்திருந்தால் கண்ணாடிக்காரருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அப்படி எதுவும் இல்லை. வாய் நிறையச் சிரிப்பார், கை நிறையக் கொடுப்பார், வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். அவர் கார் கொண்டுபோனால் நெரிசலான தெருவிலும் அவருக்கென்றே ஒரு வண்டி கிளம்பி இடம் விடும். கூட்டமான ஓட்டலில் அவர் நுழையும்போதுதான் ஜன்னலோர மேஜைக்காரர் கை கழுவ எழுந்திருப்பார். "தானா அமையும் சகல" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். அவருக்கு அமையவும் அமையும்.

கண்ணாடிக்காரருக்கு இது பொறாமைதான். வேறு கௌரவமான பெயர் வைக்க வேண்டியதில்லை. சகலைக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது, இந்த வயதில் யாருக்கும் வெள்ளெழுத்தாவது கொஞ்சம் தட்டும் என்று நம்பி, வலியக் கூப்பிட்டுக் கடை நாற்காலியில் உட்காரவைத்துச் சோதித்தார். சகலை கடைசி வரியின் பொடி எழுத்துகளை மூச்சுவிடாமல் வாசித்து, அதற்கும் கீழே அச்சகத்தின் பெயர் இருந்ததையும் வாசித்தார். "தெளிவா இருக்கு சகல" என்றார். அன்று கண்ணாடிக்காரருக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தச் சகலை ஒரு நாள் புதுக் கேமராவோடு வந்து நின்றார். கம்பெனியில் நன்றாக விற்றதற்குக் கிடைத்த பரிசாம். சத்தமே போடாத கேமரா. இருட்டில் பூனைபோலப் பார்க்கும். கண்ணாடிக்காரர் கடை ஜன்னலில் பார்த்து, விலையைக் கேட்டு, கேட்காதது மாதிரி நடந்துபோன அதே கேமரா.

"நீங்கதான் கத்துக்கொடுக்கணும் சகல. காலைல எங்கயோ போறீங்களாமே. நானும் வரேன்."

"அங்க கொசு ஜாஸ்தி" என்றார் கண்ணாடிக்காரர்.

"கூட்டிட்டுத்தான் போங்களேன்" என்றாள் மனைவி. விஷயம் முடிந்தது.

முதல் நாள் சகலை வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டு வந்தார். இரண்டாவது தடவை காய்ந்த குச்சிகளை ஒன்றுவிடாமல் மிதித்துக்கொண்டு வந்தார். கண்ணாடிக்காரருக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனால் சகலை சீக்கிரம் கற்றுக்கொள்கிறவர். அடுத்த தடவை வாசனை இல்லை, செருப்பு மாறியிருந்தது, குச்சிகளைத் தாண்டிக் காலெடுத்து வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக்கூட மெதுவாக விட்டார். துரை பாடி முடித்துப் பள்ளத்தின் விளிம்புக்கு வந்தார்.

சகலை கேமராவைத் தூக்கினார். அதன் முன்பக்கத்தில், லென்ஸுக்கு ஓரமாக, மிளகு அளவில் ஒரு ஆரஞ்சு விளக்கு பளிச்சென்று எரிந்தது. குருவி இருந்த இடத்தில் குருவி இல்லை.

இருட்டில் குறி வைக்கத் தடுமாறினால், இந்த மாதிரிக் கேமரா தனக்கு வெளிச்சம் வேண்டித் தானே ஒரு விளக்கைப் போட்டுக்கொள்ளும். படம் எடுப்பவருக்கு அது தெரியாது; அவர் கண் பின்பக்கம் ஒட்டியிருக்கும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். குருவிக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். கேமராவின் செட்டிங் பட்டியலுக்குள் போய் ஒரு வரியைத் தேடி அணைத்துவிட்டால் தீர்ந்தது. கண்ணாடிக்காரர் தன் கேமராவில் அதை அணைத்துப் பல வருஷம் ஆகிறது.

"ஏன் சகல, என்னைப் பாத்து ஓடுது?"

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். சொல்வதற்குத்தான் திறந்தார். "புது ஆளு இல்லியா," என்றார். "உங்ககிட்ட இன்னும் பழகல."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவருக்கு. சகலைக்கு ஒன்று அமையவில்லை. அதுவும் தானாக.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஒரே மாதிரிதான். குருவி வரும், விளக்கு எரியும், குருவி போகும். சகலை உதட்டைப் பிதுக்குவார். சட்டையின் நிறம் காரணமோ என்று பழுப்புச் சட்டை வாங்கினார். உயரம் காரணமோ என்று தரையில் படுத்துப் பார்த்தார். பூச்சிகளெல்லாம் அவர் மேல் ஊர்ந்து போயின. "நீங்க சொன்னது சரி சகல, அதுக்கு என்னைப் பிடிக்கல" என்று சொல்லும்போது அந்தச் சிரித்த முகம் உண்மையாகவே வாடியது. கண்ணாடிக்காரர் தன் லென்ஸ் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. சகலையைப் பார்த்து ஓடும் குருவி கண்ணாடிக்காரரைப் பார்த்து நிற்காது. ஓடினால் ஓடியதுதான், அன்றைக்கு மறுபடியும் வராது. சகலை வருவதற்கு முன்னால் தனியாகப் போனால் இருட்டு அவருடைய பழைய கேமராவுக்கு மீறியதாக இருந்தது. மரங்களுக்கு நடுவே ஒரு சந்து வழியாகச் சற்று வெளிச்சம் இறங்கும் வேளை ஒன்று உண்டு. அந்த வேளைக்குச் சகலை கொட்டாவி விட்டபடி வந்து சேர்ந்துவிடுவார். ஆக, வாயைத் திறந்தால் படம் சகலைக்கும் கிடைத்துவிடலாம். திறக்காவிட்டால் இருவருக்கும் கிடையாது. கண்ணாடிக்காரர் இதை நன்றாக யோசித்து, இருவருக்கும் கிடையாது என்பதே தேவலை என்று இருந்துவிட்டார். அதற்குள் காலை வெயிலில் சூடு ஏறத் தொடங்கியிருந்தது. துரை கிளம்பும் பருவம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை சகலை குடும்பத்தோடு வந்திருந்தார். கூடத்தில் மின்விளக்கு மங்கியிருந்தது. அக்கா தங்கை இருவரையும் சோபாவில் உட்காரவைத்து ஒரு படம் எடுக்கிறேன் என்று கேமராவைத் தூக்கினார்.

"ஐயோ, கண்ணு கூசுது. எதுக்கு இந்த லைட்டு?" என்றாள் கண்ணாடிக்காரரின் மனைவி.

"எந்த லைட்டு?" என்றார் சகலை.

"காபி ஆறிடப்போகுது, எல்லாரும் எடுத்துக்குங்க" என்றார் கண்ணாடிக்காரர். அவர் வீட்டில் காபி ஆறுவதைப் பற்றி அதுவரை கவலைப்பட்டதே கிடையாது. மனைவி தட்டைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள், கடைசியில் கணவனைப் பார்த்தாள். வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பார்வை அது.

அவர்கள் கிளம்பிப் போனதும், சமையலறையில் டம்ளர்களைத் துடைத்து அடுக்கும்போது கேட்டாள்.

"அந்த லைட்டப் பாத்துத்தான குருவி ஓடுது?"

"எந்த லைட்டு?"

"அவரு கேட்டாரு, சரி. நீங்களும் கேக்கறீங்க பாருங்க."

அவர் ஒரு டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கறை இருக்கிறதா என்று பார்த்தார்.

"பாவம், நேத்து என் தங்கச்சிகிட்ட, அந்தக் குருவிக்கு நான் என்ன பண்ணேன்னு கேட்டாராம்."

"அவருக்கென்ன பாவம்? எல்லாந்தான் கைல வந்து விழுதே. கேமரா விழுது, வேலை விழுது. இது ஒண்ணு விழலன்னா என்ன இப்போ?" குரல் அவர் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. "நான் எத்தனை வருஷமா அங்க போய் உக்காந்துருக்கேன். அவரு நேத்து வந்த ஆளு."

அவள் கையிலிருந்த டம்ளரை அடுக்கில் வைத்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "எனக்கும் என் தங்கச்சியப் பாத்தா வயிறு எரியும். சின்ன வயசுலேருந்தே. அவ முடியப் பாத்து எரியும், அவ வீட்டப் பாத்து எரியும். ஆனா எங்கயாவது வெளிய போறப்ப அவ துணில பின்னால கறை இருந்தா சொல்லிடுவேன்."

"இது அது மாதிரியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. உங்க குருவி, உங்க பாடு."

அடுத்த காலை சகலை காட்டோரம் காரை நிறுத்தியதும் கண்ணாடிக்காரர் கையை நீட்டினார். "உங்க கேமராவக் கொஞ்சம் குடுங்க." சகலை கொடுத்தார். கண்ணாடிக்காரர் செட்டிங் பட்டியலுக்குள் போய், அந்த வரியைப் பிடித்து, விளக்கை அணைத்தார். தேடவே வேண்டியிருக்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்போதோ தெரியும்.

"என்ன பண்ணீங்க?"

"ஒரு செட்டிங் மாத்தினேன். இருட்டுக்கு இதுதான் நல்லது."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மனைவி நினைத்திருப்பாள். அவ்வளவு தூரம் அவரால் இறங்கி வர முடியவில்லை. அதோடு அவரிடம் ஒரு கணக்கும் இருந்தது. குருவி ஓடாமல் நின்றால் அது தனக்கும் நிற்கும். சகலை தடுமாறிக் குறி வைப்பதற்குள், இத்தனை வருஷம் பழகிய கை முந்திவிடும். மனைவிக்காகச் செய்தது பாதி, கணக்குப் போட்டுச் செய்தது பாதி. எது பெரிய பாதி என்று அவரே பிரித்துப் பார்க்கவில்லை.

பாட்டு கேட்டது. புதருக்குள் ஒரு இலை அசைந்தது. சந்து வழியாக மெல்லிய வெளிச்சம் பாசியின் மேல் வந்து விழுந்த நேரத்தில் துரை பள்ளத்தின் விளிம்பில் இறங்கினார். வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு. சற்றுத் தள்ளி மறுபக்கம் உட்கார்ந்திருந்த சகலையின் கேமரா உயர்ந்தது. விளக்கு எரியவில்லை. குருவி நின்றது. குனிந்து ஒரு வாய் குடித்தது. நிமிர்ந்து, தொண்டைக்குள் தண்ணீர் இறங்குவது தெரிய நின்றது. இத்தனை வருஷத்தில் அது இவ்வளவு நேரம் அசையாமல் இருந்ததில்லை.

கண்ணாடிக்காரர் முந்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார். அவருடைய பழைய கேமராவின் வயிற்றுக்குள் கண்ணாடி ஒன்று எழும்பி விழும். எழும்பும்போதே 'டடக்' என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் குருவி தலையைத் திருப்பியது. என்ன சத்தம் என்று பார்க்க அவர் பக்கம் திரும்பியிருந்தால் நியாயம். அது வெடுக்கென்று எதிர்ப்பக்கம் திரும்பி, கழுத்தை நீட்டி, நேரே சகலையைப் பார்த்தது. சகலையின் கேமரா சத்தமே போடாமல் அந்த முகத்தை வாங்கிக்கொண்டது. பிறகுதான் குருவி பறந்தது.

கண்ணாடிக்காரர் தன் கேமராவின் பின்னால் பார்த்தார். தலை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு தீற்றல்.

"சகல! சகல, இங்க பாருங்க. கெடச்சிருச்சு" என்று சகலை முக்காலியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து வந்தார். "உங்க செட்டிங்தான் சகல. உங்களாலதான்." கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க வச்சேன் அத... இதானே முன்னாடி போற பொத்தான்? இல்ல இதா? இருங்க, இருங்க..." இரண்டு கட்டைவிரல்களாலும் கண்டதையெல்லாம் அமுக்கினார். "நீங்களே பாருங்க. நான் அவளுக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன். இங்க சிக்னல் இல்ல." கேமராவைக் கண்ணாடிக்காரர் கையில் திணித்துவிட்டுப் பாதை பக்கம் ஓடினார். குச்சிகளெல்லாம் முறிந்தன.

திரையில் குருவி இருந்தது. அதன் குறுக்கே ஒரு கேள்வியும் இருந்தது. அழிக்கவா? ஆம். வேண்டாம். 'ஆம்' என்பதன் மேல் கட்டம் போட்டு நின்றது. சகலையின் கட்டைவிரல் குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தானையும் ஒரு கை பார்த்திருக்கிறது.

கண்ணாடிக்காரர் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த படத்தைப் பார்த்தார். முதலில் குறைதான் தேடினார். மங்கல் எங்கேயாவது இருக்கும், இருந்தே ஆக வேண்டும். கண்ணருகே இருக்கலாம், அலகு நுனியில் இருக்கலாம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். வெள்ளைப் புருவத்தில் இறகு இறகாக எண்ணலாம் போல இருந்தது. கண்ணில் ஒளிப்புள்ளி உட்கார்ந்திருந்தது. அலகின் ஓரத்தில் ஒரு துளித் தண்ணீர் விழப்போவதாக நின்றது. மூக்கடியில் அந்த முள்மயிர். கொஞ்சம் ஆச்சரியப்பட்ட மாதிரி, கொஞ்சம் யாரடா நீ என்கிற மாதிரி இருந்தது முகம். இத்தனை வருஷம் உட்கார்ந்து கிடந்த ஆளைப் பார்த்து அது இப்படி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இந்தப் பொத்தானை இப்போது ஒரு தடவை அமுக்கினால் போதும். சகலை திரும்பி வந்து, "ஐயோ, நானே அழிச்சிட்டேனா?" என்று தலையில் அடித்துக்கொள்வார். அவருக்குச் சந்தேகமே வராது. வந்தாலும் இவர்மேல் சந்தேகப்படும் ஆளில்லை அவர். அடுத்த குளிர்காலத்தில் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். யார் வேண்டுமானாலும் முந்தலாம்.

பாதையிலிருந்து சகலையின் குரல் கேட்டது. "மூஞ்சிடி! நேரா என்னப் பாக்குது. இல்ல, நானா எடுக்கல, உங்க அத்தான்தான் எல்லாம் பண்ணிக் குடுத்தாரு..."

கண்ணாடிக்காரரின் கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. பிறகு அது பக்கத்தில் நகர்ந்தது. கட்டம் 'வேண்டாம்' என்பதற்குப் போனது. அமுக்கினார். கேள்வி மறைந்து குருவி மட்டும் நின்றது.

குச்சிகள் முறியும் சத்தம் நெருங்கி வந்தது. சகலை மறுபடியும் வாங்கி, மறுபடியும் அந்தக் கட்டைவிரல்களால் ஆளாளுக்குக் காட்டுவார். இந்தக் கேமராவில் சாவி அடையாளம் போட்ட பொத்தான் ஒன்று உண்டு. அதை அமுக்கிவிட்டால் படம் பூட்டிக்கொள்ளும், அப்புறம் அழி என்று சொன்னாலும் அழியாது. கண்ணாடிக்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, அந்தப் பொத்தானைத் தேடி அமுக்கினார். படத்தின் மூலையில் சின்னதாக ஒரு சாவி வந்து உட்கார்ந்தது.